ஷின்ஆன் என்றொரு கவுண்டி இருந்தது

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் போன மாதம் போன் செய்து, "உங்கள் அனுபவத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்றார். "அனுபவம் இருக்கட்டும் சார், இதே மேடையில் நான் பேசின ஒரு தப்பைத் திருத்தணும். அதுக்கு இருபது நிமிஷம் வேணும்" என்றேன். பெரிய மனசோடு சம்மதித்தார். கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பார் என்று நம்புகிறேன்.

என்ன தப்பு? சில வருஷங்களுக்கு முன் இங்கே பேசும்போது மாணவர்களைப் பார்த்து இப்படிச் சொன்னேன்: "1980இல் ஷென்ஜென் வெறும் மீன்பிடி கிராமம். நாற்பதே வருஷத்தில் ஒன்றே முக்கால் கோடிப் பேர் வாழும் மாநகரம் ஆகிவிட்டது. நீங்களும் அப்படி வளர வேண்டும்." பலத்த கைதட்டல். நானும் மகிழ்ந்து போனேன்.

நான் கப்பல் ஏஜென்சி வேலையில் பல வருஷம் ஹாங்காங்கில் இருந்தவன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். அங்கே எங்கள் அலுவலகத்தில் தலைமை குமாஸ்தாவாக இருந்த ஒரு பெரியவர் இன்றும் எனக்கு நல்ல நண்பர். புதிய பிரதேசங்கள் என்று சொல்லப்படும் ஹாங்காங்கின் வடபகுதிக் கிராமத்துக்காரர். போனில் பேசும்போது இந்தக் கைதட்டல் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியானால் என் தாத்தாவின் அப்பா நிலத் தகராறுக்காகப் போய் நின்றாரே, அந்தக் கச்சேரி எந்த மீன்பிடி கிராமத்தில் இருந்தது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஜியாகரபி படித்தவன், அந்தத் தண்ணீரை இருபது வருஷம் ஜன்னல் வழியே பார்த்தவன், எனக்கே தெரியவில்லை. நம்முடைய ஜியாகரபி சார் வகுப்பில் அடிக்கடி சொல்வார், ஞாபகம் இருக்கிறதா? "மேப்பைக் கையில் எடுத்தால் ஊரைத் தேடாதே. முதலில் வருஷத்தைப் பார்." நான் வருஷத்தைப் பார்க்காமல் பேசிவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தென் சீனாவில் குவாங்டோங் மாகாணம். அதன் பெரிய நதி முத்து ஆறு. அது கடலில் கலக்கும் அகன்ற முகத்துவாரத்தின் கிழக்குக் கரையை மனசில் நிறுத்திக்கொள்ளுங்கள். மேற்கே சேறும் உப்பளமும் சிப்பி வளர்க்கும் ஆழமில்லாத நீருமான கடற்கரை. கிழக்கே டாபெங் விரிகுடா, டாயா விரிகுடா என்று ஆழமான, பாறைக்கரை கொண்ட விரிகுடாக்கள். நடுவில் மலைகள். வடக்கில் வூதோங் மலை 944 மீட்டர், தெற்கில் டாய் மோ ஷான் 957 மீட்டர். வூதோங் மலைப் பக்கம் பிறந்து மேற்கே ஓடி ஆழமில்லாத ஒரு விரிகுடாவில் விழுகிற சின்ன ஆறு ஒன்று உண்டு. நீளம் 37 கிலோமீட்டர்தான். அதன் பெயர் ஷென்ஜென் ஆறு. 'ஷென்' என்றால் ஆழம், 'ஜென்' என்றால் வயல் வாய்க்கால். ஆழமான வாய்க்கால், அவ்வளவுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். தெற்கே கடலில் ஹாங்காங் தீவு, லான்டாவ் தீவு, இன்னும் 200க்கும் மேற்பட்ட தீவுகள்.

இந்த மலை, ஆறு, தீவு எல்லாம் சேர்ந்து ஒரே கவுண்டியாக இருந்தது. அதன் பெயர் ஷின்ஆன். ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸில் சான்ஒன். 'புதிய அமைதி' என்று பொருள். தலைநகரம் நான்தௌ, முத்து ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்த ஒரு மதில் சூழ்ந்த ஊர். என் நண்பரின் முப்பாட்டனார் வழக்குக்குப் போய் நின்ற கச்சேரி அங்கேதான் இருந்தது.

கவுண்டி என்பதைச் சீன மொழியில் 'ஷியன்' என்பார்கள். நம்ம கணக்கில் தாலுகாவுக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பேரரசு நியமித்த அதிகாரிகளில் சாதாரண ஜனங்கள் கண்ணால் பார்க்கக்கூடியவர் இந்த ஷியன் அதிகாரி ஒருத்தர்தான். வரி வசூல் அவர், வழக்கு விசாரணை அவர், திருடனைப் பிடிப்பது அவர், பஞ்சத்தில் களஞ்சியம் திறப்பதும் அவர். தாசில்தார், முன்சீப், இன்ஸ்பெக்டர் மூன்று பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. இதில் ஒரு வேடிக்கை. மிங், சிங் வம்சக் காலத்தில் யாரும் சொந்த மாகாணத்தில் அதிகாரியாக இருக்கக்கூடாது என்று விதி. ஆக, வருகிற அதிகாரிக்கு உள்ளூர் பாஷையே புரியாது! குமாஸ்தா சொல்வதுதான் வேதம். குமாஸ்தாக்களின் பெருமை உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது.

ஆகவே ஜனங்களுக்கு முக்கியமான கேள்வி, "அந்த நாற்காலி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்பதுதான். இந்தக் கவுண்டியின் சரித்திரம் முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. எப்படி என்று வருஷ வரிசையில் சொல்கிறேன்.

கி.பி. 331. கிழக்கு ஜின் வம்சத்தார் இந்தக் கடற்கரையில் பாவ்ஆன் என்ற ஷியனை ஏற்படுத்தினார்கள். தலைநகரம் நான்தௌ பக்கம். உப்பு விளையும் பூமி. அரசுக்கு உப்பு என்றால் பணம். 757இல் டாங் வம்சத்தார் அந்த ஷியனின் பெயரை டோங்குவான் என்று மாற்றி, தலைநகரத்தையும் வடக்கே இன்றைய டோங்குவான் நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான்தௌவிலிருந்து நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 60 கிலோமீட்டர். நடந்து போகிற விவசாயிக்கு ஒரு நாளில் முடிகிற தூரமில்லை.

அதற்காகக் கடற்கரை காலியாகக் கிடக்கவில்லை. டாங் காலத்திலேயே கடல் வாயிலைக் காக்கப் படை இருந்தது. 'டூன் மூன்' என்று இன்றும் ஹாங்காங்கில் இருக்கும் பெயருக்குக் 'காவல் வாசல்' என்று அர்த்தம். மங்கோலியர்களுக்கு அஞ்சி ஓடிய சோங் வம்சத்தின் கடைசிச் சிறுவர் அரசர்கள் 1277இல் இந்தக் கரையில், இன்றைய கௌலூன் பக்கம், கொஞ்ச காலம் தங்கினார்கள். 1394இல் மிங் அரசு கடற்கொள்ளைக்காரர்களைத் தடுக்க இரண்டு கோட்டைகள் கட்டியது. மேற்கே நான்தௌவில் ஒன்று, கிழக்கே டாபெங்கில் ஒன்று. டாபெங் கோட்டை இன்றும் நிற்கிறது. டாபெங் என்பது புராணத்தில் வரும் மாபெரும் பறவை. இன்றைய ஷென்ஜென் மாநகரத்தின் செல்லப் பெயரே அந்தப் பறவையின் பெயர்தான். 1521இல் போர்த்துகீசியக் கப்பல்களோடு சீனக் கடற்படை மோதியதும் இந்த டூன் மூன் நீரில்தான்.

ஆக, கோட்டை உண்டு, காவல் உண்டு, கொள்ளைக்காரர்களும் உண்டு. ஆனால் வரி கட்டவும் வழக்குச் சொல்லவும் மட்டும் 60 கிலோமீட்டர் போக வேண்டும். நான்தௌ மக்கள் மேலதிகாரிகளிடம் தங்களுக்கென்று தனி ஷியன் வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். 1573இல் கிடைத்தது. டோங்குவானிலிருந்து 7,600 சொச்சம் குடும்பங்கள், சுமார் 34,000 பேர் பிரிக்கப்பட்டு ஷின்ஆன் பிறந்தது. 757இல் போன நாற்காலி 816 வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. நம்ம ஊரில் மனு கொடுத்துவிட்டு மூன்று மாதத்தில் அலுத்துப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஜனங்கள் கேட்டு வந்த கோடு. அடுத்து வந்தது கேட்காமல் வந்த கோடு.

1661. மிங் போய் சிங் வம்சம் வந்துவிட்டது. பழைய மிங் விசுவாசியான செங் செங்கோங் தைவானைப் பிடித்துக்கொண்டு கடலிலிருந்து எதிர்க்கிறார். கரையிலிருந்து அவருக்கு அரிசியும் ஆளும் போகக்கூடாது என்று பீஜிங்கில் ஒரு உத்தரவு போட்டார்கள். கடற்கரையிலிருந்து 50 லி, அதாவது ஏறத்தாழ 25 கிலோமீட்டர் உள்ளே எல்லோரும் போய்விட வேண்டும். 1662இல் அமல் ஆயிற்று. வீடுகள் கொளுத்தப்பட்டன. கோட்டுக்கு வெளியே நிற்பவன் தலை தப்பாது. இரண்டு வருஷம் கழித்து இன்னும் 30 லி. ஷின்ஆன் கவுண்டியே கடலோரம். உள்ளே போக இடம் எங்கே? பெரும்பகுதி காலியாயிற்று. ஜனமே இல்லாத கவுண்டிக்கு அதிகாரி எதற்கு என்று 1666இல் ஷின்ஆனை டோங்குவானோடு சேர்த்துவிட்டார்கள். சாலையோரத்தில் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் ஏராளம்.

அப்போது குவாங்டோங் ஆளுநராக இருந்தவர் வாங் லைரென். 1668இல் சாகும் தறுவாயில், இந்த ஜனங்களைத் திரும்ப ஊருக்கு விடுங்கள் என்று சக்கரவர்த்திக்கு எழுதிவிட்டு இறந்தார். ஜோ யூதே என்ற இன்னொரு உயர் அதிகாரியும் அதையே வலியுறுத்தினார். 1669இல் அனுமதி வந்தது, ஷின்ஆனும் மீண்டும் கவுண்டி ஆயிற்று. இந்த இரண்டு அதிகாரிகளுக்கும் காம் டின் என்ற ஊரின் டாங் குலத்தார் ஒரு மண்டபம் கட்டினார்கள். அது இன்றும் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஊரில் பெரிய விழா எடுத்து நன்றி சொல்கிறார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் மறக்கவில்லை. அரசாங்க அதிகாரிக்கு மண்டபம் கட்டி நன்றி சொல்கிற ஜனங்களைப் பார்ப்பது அபூர்வம். இங்கே உட்கார்ந்திருக்கும் அரசு அலுவலர்கள் குறித்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்தவர்கள் குறைவு. தரிசாகக் கிடந்த நிலத்துக்கு வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். அப்படி மலைப்பக்கமாக வந்து குடியேறியவர்களில் பெரும்பாலோர் ஹாக்கா மக்கள். 'ஹாக்கா' என்றால் விருந்தாளிக் குடும்பம் என்று பொருள். பழைய குடிகள் 'புன்டி', அதாவது இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். 1819இல் வெளிவந்த ஷின்ஆன் கவுண்டியின் அரசுக் குறிப்பேட்டில் இரண்டு வகைக் கிராமங்களுக்கும் தனித்தனிப் பட்டியல் இருக்கிறது. வந்து நூற்றைம்பது வருஷம் ஆனவர்களும் அந்தப் பட்டியலில் விருந்தாளிகளே!

1866இல் சிமியோனே வொலொன்டெரி என்ற இத்தாலியப் பாதிரியார் இந்தக் கவுண்டியைக் கால்நடையாகச் சுற்றி அளந்து ஒரு வரைபடம் வெளியிட்டார். ஊர்ப் பெயர்கள் சீனத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அதன் நகலைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் திசையே புரியவில்லை. நான் எப்போதும் பார்த்த வரைபடங்களில் ஷென்ஜென் ஆற்றோடு ஒரு தடித்த கோடு ஓடும். இந்தப் படத்தில் அந்தக் கோடு இல்லை! ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மாதிரிக் கிராமங்கள், ஒரே மாதிரிப் பாதைகள். அப்போதுதான் ஜியாகரபி சார் சொன்னது உறைத்தது. நான் எப்போதும் 1898க்குப் பிந்தைய மேப்பையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தக் கோட்டின் கதையைக் கேளுங்கள். அபினிப் போருக்குப் பின் 1842இல் ஹாங்காங் தீவு பிரிட்டனுக்குப் போனது. ஷின்ஆன் இழந்த முதல் துண்டு. 1860இல் கௌலூன் தீபகற்பத்தின் தென்முனை. அந்த எல்லை ஓடிய இடத்தில் இன்று ஒரு தெரு இருக்கிறது. பெயரே 'எல்லைத் தெரு'தான். 1898 ஜூன் 9ஆம் தேதி பீஜிங்கில் மூன்றாவது ஒப்பந்தம். இந்த முறை விற்பனை இல்லை, குத்தகை. 99 வருஷம். ஒப்பந்தத்தோடு இணைத்த படத்தில், மேற்கு விரிகுடாவுக்கும் கிழக்கு விரிகுடாவுக்கும் நடுவே ஒரு நேர்கோடு இருந்தது. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. சரியான எல்லையைப் பிறகு அளந்துகொள்ளலாம் என்றார்கள்.

அளக்க வந்தவர் ஹாங்காங் அரசின் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் லாக்ஹார்ட். நேரில் பார்த்தவுடன் அவருக்கே புரிந்துவிட்டது. ஒரு சமவெளி, நடுவில் ஆறு, வடகரையில் ஷென்ஜென் சந்தை ஊர். சுற்றுக் கிராமங்கள் எல்லாம் அங்கேதான் வாங்கும் விற்கும். இதை ஆற்றோடு வெட்டினால் பயிரை நடுவில் அறுத்த மாதிரி. எல்லையை வடக்கே மலைகளுக்குக் கொண்டுபோய் ஷென்ஜென்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். அவர் சாம்ராஜ்யத்துக்கு லாபம் பார்த்தார் என்பது வேறு விஷயம். நிலத்தைச் சரியாகப் படித்தார் என்பதும் உண்மை. சீன அரசு ஒப்பவில்லை. 1899 மார்ச்சில் ஆற்றின் வடகரையே எல்லை என்று முடிவாயிற்று. ஏப்ரலில் கிராமத்து ஜனங்கள் ஆயுதம் எடுத்து எதிர்த்தார்கள். ஆறு நாள் சண்டை. பீரங்கிக்கு முன்னால் ஊர்க்காவல் படை எத்தனை நாள் நிற்கும்?

ஷின்ஆன் கவுண்டியின் 3,000 சதுர கிலோமீட்டர் சொச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு இப்படி மூன்று தவணையில் போய்விட்டது.

இதில் ஒரு விசித்திரம். கௌலூனில் 1847இல் கட்டி முடித்த சீன மதில் கோட்டை ஒன்று இருந்தது. 1898 ஒப்பந்தத்தில் அந்தக் கோட்டைக்குள் மட்டும் சீன அதிகாரிகள் தொடரலாம் என்று எழுதினார்கள். மறு வருஷமே பிரிட்டிஷார் அவர்களை வெளியேற்றினார்கள். ஆனால் சீனா உரிமையை விடவில்லை. ஆக, மூன்று ஹெக்டேருக்கும் குறைவான ஒரு துண்டு நிலம் யாருடைய முழு ஆட்சியிலும் இல்லாமல் தொங்கியது. 1980களில் அந்தத் துண்டுக்குள் முப்பதாயிரம் பேருக்கு மேல் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். 1993, 94இல் இடித்தார்கள். இன்று அங்கே பூங்கா. நாற்காலி இல்லாத இடம் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

மிச்சமிருந்த ஷின்ஆன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், செயலாளர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். குடியரசு வந்தபின், ஹெனான் மாகாணத்தில் இன்னொரு ஷின்ஆன் இருக்கிறதே என்று 1914இல் பெயரைப் பழையபடி பாவ்ஆன் ஆக்கினார்கள். 331ஆம் ஆண்டின் பெயர்! 1911இல் கௌலூனிலிருந்து கான்டனுக்கு ரயில் முழுப் பாதையும் ஓட ஆரம்பித்தது. ரயில் நான்தௌ வழியே போகவில்லை, ஷென்ஜென் வழியே போயிற்று. 1953இல் கவுண்டி அலுவலகமும் ரயில் பின்னாலேயே ஷென்ஜென்னுக்குப் போயிற்று. நான்தௌ தன் நாற்காலியை மறுபடியும் இழந்தது.

அதற்கு முன்பே எல்லை இறுகிவிட்டது. 1951இல் ஹாங்காங் அரசு எல்லையோரத்தைத் தடைப் பகுதி ஆக்கியது. அதுவரை வரப்பு தாண்டுவது போல ஆற்றைத் தாண்டியவர்களுக்குப் பெர்மிட் தேவைப்பட்டது. வடகரை விவசாயிகள் பலருக்கு நிலம் தென்கரையில். அவர்களுக்கென்று தனி வாசல் வைத்து, காலையில் போய் உழுதுவிட்டு மாலையில் திரும்ப அனுமதி கொடுத்தார்கள். சொந்த வயலுக்குப் போக அன்னிய தேசத்துக்குப் போய் வந்தார்கள். கிழக்கே ஷா டவ் கோக் ஊரில் ஒரு வற்றிய ஓடைதான் எல்லை. அந்த ஓடையே தெருவாகிவிட்டது. தெரு நடுவில் எல்லைக் கற்கள். ஒரு பக்கத்துக் கடை சீனா, எதிர்க் கடை ஹாங்காங்.

பஞ்சமும் அரசியல் கொந்தளிப்புமான வருஷங்களில் இந்தக் கவுண்டியிலிருந்தும் இதன் வழியாகவும் ஜனங்கள் தெற்கே ஓடினார்கள். மலை ஏறினார்கள், விரிகுடாவை நீந்தினார்கள். 1962 மே மாதத்தில் மட்டும் பல்லாயிரம் பேர். பலர் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நீந்தியதில் செத்தவர்களும் உண்டு. 64 வருஷத்துக்கு முன்னால் தங்கள் சொந்தக் கவுண்டியின் தென்பாதியாக இருந்த நிலத்துக்குத்தான் அவர்கள் உயிரைக் கொடுத்து நீந்தினார்கள்.

1979இல் பாவ்ஆன் கவுண்டியை எடுத்துவிட்டு ஷென்ஜென் நகரம் என்று அறிவித்தார்கள். அப்போது கவுண்டியில் மூன்று லட்சத்துக்கு மேல் ஜனங்கள். நான் சொன்ன 'மீன்பிடி கிராமம்' இதுதான்! 1980 ஆகஸ்ட் 26ஆம் தேதி அதன் தென்பகுதி சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆயிற்று. மண்டலத்துக்கு வெளியே உள்ள பகுதிக்கு 1981இல் மறுபடியும் பாவ்ஆன் கவுண்டி என்று பெயர் கொடுத்தார்கள். மண்டலத்துக்கும் கவுண்டிக்கும் நடுவே சுமார் 85 கிலோமீட்டருக்கு வேலி. சீனர்களே சீனாவுக்குள் அந்த வேலியைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு கவுண்டியை ஆற்றோடு வெட்டினது போதாதென்று வேலியாலும் வெட்டினார்கள். 1993 ஜனவரியில் பாவ்ஆன் கவுண்டி கடைசியாக மறைந்தது. பாவ்ஆன், லோங்காங் என்று இரண்டு நகர்ப் பிரிவுகள் ஆயிற்று. 2010இல் மண்டலம் நகரம் முழுக்க விரிந்தது. 2018இல் அந்த உள்வேலிக் கோட்டையே ரத்து செய்தார்கள்.

2020 கணக்குப்படி ஷென்ஜென்னில் 1 கோடியே 75 லட்சம் பேர். ஹாங்காங்கில் எழுபது லட்சத்துக்கு மேல். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய இரண்டரைக் கோடி. 1573இல் 34,000 பேரோடு தொடங்கிய ஒரு கவுண்டிக்குள் இன்று இத்தனை பேர். ஆனால் ஷின்ஆன் என்ற கவுண்டி எந்த வரைபடத்திலும் இல்லை.

சரி, இதெல்லாம் பழங்கதைதானே, இன்றைக்கு என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று. ஹாங்காங்கில் 1972 முதல் ஒரு விதி இருக்கிறது. 1898இல் புதிய பிரதேசக் கிராமத்தில் குடியிருந்த ஒருவரின் ஆண் வழி வாரிசான ஆண், வாழ்நாளில் ஒருமுறை தன் கிராமத்தில் சிறு வீடு கட்ட அனுமதி கேட்கலாம். ஒரு சதுர அடி இடத்துக்கு ஜனங்கள் அலையும் ஊரில் இது பெரிய சொத்து. என் நண்பருக்கு அந்த உரிமை உண்டு. ஆற்றுக்கு வடக்கே இருக்கும் அவருடைய பங்காளிகளுக்கு இல்லை. அவருடைய சகோதரிகளுக்கும் இல்லை. 1898இல் போட்ட கோடு இன்றும் ஒரு குடும்பத்துக்குள் ஓடுகிறது.

இரண்டு. 1990களில் வெள்ளத்தைத் தடுக்க ஷென்ஜென் ஆற்றின் வளைவுகளை நேராக்கினார்கள். அதில் லோக் மா சாவ் என்ற இடத்தில் சுமார் 87 ஹெக்டேர் நிலம் ஆற்றின் வடபக்கத்திலிருந்து தென்பக்கத்துக்கு வந்துவிட்டது. நிலம் நகரவில்லை, ஆறு நகர்ந்தது. யாருக்குச் சொந்தம் என்று முடிவாக 2017 ஆயிற்று. ஹாங்காங்குக்கு என்று ஒப்புக்கொண்டு, இரண்டு நகரங்களும் சேர்ந்து அதை ஆராய்ச்சிப் பூங்காவாக ஆக்கச் சம்மதித்தன.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2007இல் விரிகுடாவின் மேல் ஒரு பாலம் கட்டி, ஷென்ஜென் கரையில் ஒரு சோதனைச் சாவடி திறந்தார்கள். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில். அதில் ஹாங்காங் அதிகாரிகள் உட்காரும் பகுதியில் ஹாங்காங் சட்டம் செல்லும். அந்த நிலத்தை ஹாங்காங் வாடகைக்கு எடுத்திருக்கிறது, 2047 வரை. 1898இல் வடக்கேயிருந்து தெற்குக்குக் குத்தகை போனது. இன்று தெற்கே இருப்பவர்கள் வடக்கில் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்தச் சாவடி எங்கே இருக்கிறது தெரியுமா? பழைய நான்தௌவிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே!

நான்தௌவுக்கு நான் போனேன். தெற்கு வாசல் இன்றும் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் குறுகலான தெருக்கள், தலைக்கு மேல் துணி காயும் வீடுகள், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் கூட்டம். இப்போது புதுப்பித்து ஓட்டலும் கடையுமாக ஆக்கியிருக்கிறார்கள். வாசலிலிருந்து நண்பருக்குப் போன் செய்தேன். "உங்கள் முப்பாட்டனார் நின்ற ஊரில் நிற்கிறேன்" என்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அங்கிருந்து என் கிராமத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" பாலம் வழியே போனால் காரில் ஒரு மணிக்குள் என்றேன். "அவருக்கு வழக்கு முடியும்வரை போகவும் வரவும் நாட்கணக்காயிற்றாம். இருந்தாலும் பாஸ்போர்ட் கேட்கவில்லை" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

மாணவச் செல்வங்களே, நான் அன்று இந்த மேடையில் சொன்னது உங்களை உற்சாகப்படுத்தத்தான். ஆனால் 'ஒன்றுமில்லாத கிராமம்' என்று சொன்னபோது, மனுக் கொடுத்துக் கவுண்டி வாங்கிய ஜனங்களையும், வீடு கொளுத்தப்பட்டுச் சாலையோரம் செத்தவர்களையும், விரிகுடாவில் நீந்தி மூழ்கியவர்களையும் ஒரே வார்த்தையில் அழித்துவிட்டேன். தெரியாமல் செய்தேன். அதற்காக இதே மேடையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களில் சிலர் நாளைக்குக் கலெக்டர் ஆவீர்கள், இன்ஜினியர் ஆவீர்கள், சர்வே துறைக்குப் போவீர்கள். மேஜையில் மேப்பை விரித்து ஸ்கேலை வைக்கும் நாள் உங்களுக்கும் வரும். அப்போது கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வயலும் வைத்திருப்பவர் ஒருவர் இருப்பார். அவர் அந்த அறைக்குள் இருக்கமாட்டார். அவரைப் போய்ப் பார்த்துவிட்டுக் கோடு போடுங்கள்.

அதற்கு முன்னால், மேப்பில் வருஷத்தைப் பாருங்கள். சார் முன்வரிசையிலேயே இருக்கிறார். இத்தனை வருஷம் கழித்து இந்தப் பாடத்தில் எனக்கு பாஸ் மார்க் போடுவார் என்று நம்புகிறேன்.